இடித்த பிறகு கேட்டுப் பயனில்லை: செட்டிநாட்டு வீடுகளுக்காக எங்கள் பேரூராட்சிக்கு ஒரு திறந்த மடல்

பேரூராட்சித் தலைவருக்கும், செயல் அலுவலருக்கும், வார்டு உறுப்பினர்களுக்கும், கட்டட அனுமதிக் கோப்பில் கையெழுத்துப் போடும் எல்லா அதிகாரிகளுக்கும்,

எங்கள் தெருவில் ஒரு வீடு போய்விட்டது. முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடந்த வீடு. அதை இடித்து, இடத்தை மனைகளாகப் பிரித்து, முன்மனையில் கீழே கடைகளும் மேலே மாடிகளுமாகக் கட்டிக்கொள்ள நீங்கள் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். தெருவில் குடியிருக்கிற எங்களுக்கு அது தெரிய வந்தது நிலைக்கதவை லாரியில் ஏற்றியபோதுதான். அலுவலகத்துக்கு வந்து கேட்டோம். பட்டா சரியாக இருக்கிறது, வரைபடம் விதிப்படி இருக்கிறது, கட்டணம் கட்டியாகிவிட்டது, இதில் நாங்கள் தடுக்க என்ன இருக்கிறது என்றீர்கள். அந்தப் பதிலை ஏற்க முடியவில்லை, அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். ஊர்ப் பெயரைப் போடவில்லை. செட்டிநாட்டில் எந்த ஊர்க்காரர் படித்தாலும் தன் தெருவில் இப்படிப் போன ஒரு வீட்டைச் சொல்வார்.

நீங்கள் பார்த்த கோப்பில் இருப்பது இனி வரப்போகும் கட்டடம் மட்டும். முன்னால் எத்தனை அடி விட வேண்டும், வண்டி நிறுத்த எவ்வளவு இடம், உயரம் எவ்வளவு, எல்லாம் இருக்கிறது. அந்த இடத்தில் இன்றைக்கு என்ன நிற்கிறது, எந்தக் காலத்தது, அதை எடுத்தால் பக்கத்து வீட்டுக்கும் தெருவுக்கும் என்ன ஆகும் என்று கேட்க ஒரு வரி கூட இல்லை. காலி மனைக்கும் 100 வருட வீட்டுக்கும் ஒரே படிவம். என் புகார் மொத்தமும் இதில் அடங்கும். யாரோ ஒரு அதிகாரி தவறு செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கிற ஏற்பாடே இந்த ஊரில் இல்லை என்கிறேன், அந்த ஏற்பாட்டை உண்டாக்குவது உங்கள் கையில் இருக்கிறது என்கிறேன்.

என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டோம். இந்த வீடுகளில் கூரைத் தண்ணீர் வெளியே போவதில்லை. நான்கு பக்கத்து ஓட்டுச் சரிவும் உள்ளே வளவு முற்றத்தை, அதாவது வீட்டின் நடுவில் வானம் பார்த்துத் திறந்த முற்றத்தைப் பார்த்து இறங்கும், கூடல்வாய்த் தகடு வழியாக முற்றத்தில் விழும், முதலில் அண்டா குண்டான் நிறையும், மிச்சம் தரைக்கடியில் உள்ள கல் சாக்கடையில் ஓடித் தெரு வாய்க்காலைப் பிடித்து ஊருணிக்குப் போகும். மழை குறைந்த சீமை இது. ஒரு சொட்டையும் வீணாக்கக்கூடாது என்றுதான் தெருவின் சாய்வையும் வீட்டின் சாய்வையும் ஊருணியின் இடத்தையும் ஒன்றோடொன்று பொருத்தி வைத்தார்கள். பக்கத்து வீட்டை இடித்து அஸ்திவாரம் தோண்டியபோது அந்தக் கல் சாக்கடையை வெட்டிவிட்டார்கள். அது எங்கள் வீட்டுத் தண்ணீரும் சேர்ந்து போன வழி. அப்புறம் வந்த மழையில் முற்றத்துத் தண்ணீர் வடியாமல், முற்றத்தைச் சுற்றிய பத்தி வரைக்கும் ஏறிவிட்டது. இதற்கிடையில் பழைய சாலையைச் சுரண்டாமலே அதன் மேல் திரும்பத் திரும்பச் சாலை போட்டதில் தெரு உயர்ந்து, திண்ணைக்கு ஏறும் படிகளில் கீழ்ப்படி மண்ணுக்குள் போய்விட்டது, ஆகவே தெருத் தண்ணீரும் உள்ளே எட்டிப் பார்க்கிறது.

சுவர் இன்னொரு கதை. பொக்லைன் வைத்துத் தள்ளினார்கள். நடுவில் குறுகலான ஒரு சந்துதான். எங்கள் பக்கச் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல், உள்ளே பட்டாலை என்கிற கூடத்தில் பூச்சு பெயர்ந்து விழுந்தது. அந்தப் பூச்சு என்ன என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்த இழப்பு புரியும். சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, அரைத்து, சலித்து, கடுக்காய் கருப்பட்டித் தண்ணீர் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு கலந்து கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கியது. தாத்தா காலத்துக்கு முன்னால் பூசியது, இன்றைக்கும் கை வைத்தால் கண்ணாடி மாதிரி வழுக்கும். வெயில் காலத்தில் சில்லென்று இருக்கும். பெயர்ந்த இடத்தில் சிமெண்டை அப்பிவிடுங்கள் என்று ஒருவர் யோசனை சொன்னார். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும், சிமெண்ட் அதை அடைத்துவிடும், கொஞ்ச காலத்தில் சுற்றியிருக்கிற பழைய பூச்சும் சேர்ந்து உப்பிக்கொண்டு வந்துவிடும். சரியாகச் செய்யத் தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. பழைய வீடுகளில் வேலை இருந்தால்தான் அந்தக் கைத்தொழிலும் இருக்கும். ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் கையால் சாயம் ஊற்றிப் பூக்கல் செய்கிறவர்களுக்கும் அதே நிலைமைதான்.

வீடு எப்படி இடிபடுகிறது என்று நின்று பார்த்திருக்கிறீர்களா? முதலில் தரகர் வருவார். பர்மாத் தேக்குத் தூண்களை எண்ணுவார். நிலைகள், கதவுகள், உத்தரங்கள், பெல்ஜியம் கண்ணாடி, முகப்பில் பதித்த ஓடுகள், அடுப்படி அம்மிக்கல் வரைக்கும் விலை போகும். பல வீடுகளில் மரத்தின் விலையே மனை விலையோடு போட்டி போடும், அதுதான் அவற்றுக்கு எமன். மரத்தைக் கழற்றி எடுத்த பிறகு மிச்சம் இருப்பது செங்கலும் சுண்ணாம்பும், அதை ஒரு வாரத்தில் தள்ளிவிடலாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் வியக்கிறார்கள். கடைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை, விற்பதை அவர்கள் வாங்குகிறார்கள். ஆனால் அங்கே சாத்தி வைத்திருக்கிற ஒவ்வொரு ஜோடிக் கதவும் ஏதோ ஒரு தெருவில் திறந்து மூடியது.

விற்கிறவர்களையும் திட்ட மாட்டேன். நானே இப்படி ஒரு வீட்டில் பங்குள்ளவன், அந்தச் சிரமம் எனக்குத் தெரியும். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவைச் சுற்றி ஓர் அறை என்று கட்டிய வீடு, மூன்று தலைமுறை தாண்டியதும் பங்காளிகள் சென்னை, பெங்களூர், சிங்கப்பூர், அமெரிக்கா என்று போய்விட்டார்கள். ஒரு அறைக்குள் நான்கு பேருக்குப் பங்கு. பொங்கலுக்கும் முன்னோர் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் வீடு திறக்கும், மற்ற நாள் ஒரு ஆச்சியோ ஒரு காவல்காரரோ இருப்பார். ஓடு மாற்ற ஆகும் செலவைக் கேட்டால் எல்லோருக்கும் மலைப்பு. கரையான் ஒரு பக்கம், ஒழுகல் ஒரு பக்கம். இந்த வீடுகளைக் கட்டிய பணம், நகரத்தார் என்கிற செட்டியார் குடும்பங்கள் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் நடத்திய கொடுக்கல் வாங்கலில் வந்தது. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும், அதற்குப் பிறகு அங்கே நிலங்களை அரசு எடுத்துக்கொண்டதும் அந்தப் பணத்தின் ஊற்றை அடைத்துவிட்டன. ஆகவே விற்றுவிடலாம் என்று ஒரு பங்காளி சொன்னால் அவருக்கு ஊர்ப் பற்று இல்லை என்று அர்த்தம் இல்லை. வேறு வழியை யாரும் காட்டவில்லை. வழி காட்ட வேண்டிய இடம் எது? இடிக்கப் போகிறேன் என்று ஒருவர் வந்து நிற்கிற இடம் உங்கள் அலுவலகம். அங்கேயே, கொஞ்சம் பொறுங்கள், இந்த வீட்டை என்ன செய்யலாம் என்று பார்ப்போம் என்று சொல்ல ஆள் இருந்தால் போகிற வீடுகளில் பாதியாவது நிற்கும் என்று நான் நம்புகிறேன். தங்கும் விடுதியாக மாறிய வீடுகள் கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் இருக்கின்றன. படப்பிடிப்புக்கு வாடகைக்கு விட்டு ஓடு மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

மேலே சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. தொல்லியல் துறையின் சட்டம் அறிவிக்கப்பட்ட நினைவுச் சின்னங்களைக் காக்கும். மக்கள் குடியிருக்கிற தெரு அதற்குள் வராது. தமிழ்நாடு மரபுச் சின்னங்கள் ஆணையத்துக்கான சட்டம் 2012-இல் இயற்றப்பட்டு 2024-இல்தான் நடைமுறைக்கு வந்தது. நடுவில் போன வருடங்களில் போன வீடுகள் போனதுதான். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் சேர்க்கப்பட்டன. அன்றைக்குப் பெருமையாகப் பேசிக்கொண்டோம், ஆனால் உத்தேசப் பட்டியல் ஒரு செங்கலைக் கூடக் காப்பாற்றாது. முழுப் பட்டியலுக்குப் போக வேண்டுமானால் அவர்கள் கட்டாயம் கேட்கிற கேள்வி, உள்ளூரில் இதைப் பாதுகாக்க என்ன சட்டம், என்ன நிர்வாகம் வைத்திருக்கிறீர்கள் என்பதுதான். நம்மிடம் அதற்குப் பதில் இல்லை.

இதற்கு நடுவில் 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் ஒரு மாடியுமாக வீடு கட்ட இணையத்தில் விண்ணப்பித்து உடனே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். சிறிய மனை வாங்கி வீடு கட்டுகிற குடும்பத்துக்கு அது நல்ல திட்டம், அலுவலகம் அலுவலகமாக அலையாமல் இருக்கலாம், நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் எங்கள் தெருவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு பெரிய வீட்டை இடித்துத் துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டும் அந்த அளவுக்குள் வந்துவிடும். அதற்குப் பிறகு அந்த இடத்தை நேரில் வந்து பார்க்க யாருக்கும் அவசியமே இல்லை. பின்மனைகள் அப்படித்தான் போகப்போகின்றன. காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆன பிறகு சுற்று வட்டாரத்தில் மனை விலை ஏறுகிற வேகத்தைப் பார்த்தால், இது இந்த ஒரு தெருவோடு நிற்காது.

மற்ற ஊர்கள் இதைச் சமாளித்திருக்கின்றன. மும்பையில் 1995-லேயே பாரம்பரியக் கட்டடங்களுக்கு விதி கொண்டுவந்து, தரம் பிரித்து, எந்தத் தரத்தில் என்ன மாற்றம் செய்யலாம் என்று வகுத்து, விண்ணப்பங்களைப் பார்க்க ஒரு குழுவும் போட்டார்கள். சென்னையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டட வழக்கில் 2010-இல் வந்த உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பாரம்பரியப் பாதுகாப்புக் குழு வந்தது. அது சென்னைப் பெருநகரப் பகுதிக்கு மட்டும், செட்டிநாடு இருக்கிற சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களுக்கு எட்டாது. அகமதாபாத் 2017-இல் உலகப் பாரம்பரிய நகரமானது. அங்கே பழைய மரவீட்டைக் காப்பாற்றுகிற உரிமையாளர், தான் அந்த இடத்தில் கட்டாமல் விட்ட பரப்புக்கான உரிமையை வேறிடத்தில் கட்டுகிறவருக்கு விற்றுக்கொள்ளலாம், அந்தப் பணத்தில் வீட்டைப் பழுது பார்க்கலாம். புதுச்சேரியில் வைசியாள் வீதியைத் தமிழ் வீடுகளின் திண்ணையும் தாழ்வாரமுமாக ஒரு முழுத் தெருவாகவே சீரமைத்து, 2008-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது வாங்கினார்கள். எங்கள் ஐயாமார் கிட்டங்கி (கடையும் தங்குமிடமும் சேர்ந்த கட்டடம்) வைத்துத் தொழில் செய்த பினாங்கில் ஜார்ஜ் டவுன் 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலுக்குப் போனது, அதன் மையப் பகுதியில் 18 மீட்டருக்கு மேல் எழும்ப முடியாது. கடல் தாண்டிப் போய் நம் ஆட்கள் இருந்த தெருவுக்கு அங்கே காவல் இருக்கிறது. அவர்கள் சம்பாதித்து அனுப்பிக் கட்டிய தெருவுக்கு இங்கே இல்லை.

சரி, நாங்கள் என்ன கேட்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் வேலை, பட்டியல். எந்த வீடு என்ன காலத்தது, முகப்பு எப்படி இருக்கிறது, சுதை வேலை, மரவேலை, ஓடு என்ன நிலையில் இருக்கிறது என்று தெருத் தெருவாக நடந்து படத்தோடு பதிவு செய்யுங்கள். கட்டடக்கலை படிக்கிற மாணவர்களைக் கூப்பிட்டால் வருவார்கள், ஊர்க்காரர்கள் நாங்களும் கூட நடக்கிறோம். நகரத்தார் வீடுகளோடு நிறுத்திவிடாதீர்கள். இந்த வீடுகளைக் கட்டிய கொத்தனார், ஆசாரி குடும்பங்களின் ஓட்டு வீடுகளும், மற்ற தெருக்களின் திண்ணை வீடுகளும் இதே ஊர்தான். பட்டியலைத் தமிழில் அறிவிப்புப் பலகையில் ஒட்டி, உரிமையாளர்கள் ஆட்சேபம் சொல்ல அவகாசம் கொடுங்கள்.

பட்டியலில் உள்ள வீட்டை இடிக்க, மனைகளாகப் பிரிக்க, முகப்பை மாற்ற, மேலே மாடி ஏற்ற, முற்றத்தைக் கான்கிரீட் போட்டு மூட என்று விண்ணப்பம் வந்தால், அதை அந்த வீட்டு வாசலிலும் உங்கள் பலகையிலும் 30 நாள் ஒட்டுங்கள். தெருக்காரர்கள் பேச ஒரு கூட்டம் நடத்துங்கள். ஒரு குழு நேரில் வந்து பார்க்கட்டும். அதில் வார்டு உறுப்பினர், பழைய கட்டடம் தெரிந்த பொறியாளர் ஒருவர், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் ஒருவர், ஊரில் குடியிருக்கும் இரண்டு பேர் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த வீடுகளை இன்றைக்கு நிஜமாகப் பார்த்துக்கொள்வது ஆச்சிகள்தான். உரிமையாளருக்கும் அந்தக் கூட்டத்தில் பேச முழு உரிமை வேண்டும். முடிவை 60 நாளுக்குள், காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள். அவரையும் காலவரையில்லாமல் இழுத்தடிக்கக்கூடாது. பக்கத்து ஊர்கள் ஊராட்சியாக இருந்தால் கிராம சபையிலேயே இதை வைக்கலாம், வருடத்துக்கு ஆறு முறை கூடுகிற சபைதானே.

இன்னொரு குழு என்றால் கை நீட்டுகிற இன்னொரு மேஜை என்று ஊரில் பேசுவார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதற்காகத்தான் கூட்டமும் முடிவும் திறந்த இடத்தில், எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறோம்.

குளியலறை கட்டுவது, வயரிங் மாற்றுவது, அடுப்படியைத் திருத்துவது, உடைந்த ஓட்டுக்கு அதே மாதிரி ஓடு போடுவது, இதற்கெல்லாம் எந்தத் தாளும் கேட்காதீர்கள். மனிதர்கள் வசதியாக இருந்தால்தான் வீட்டில் இருப்பார்கள், ஆள் இருந்தால்தான் வீடு நிற்கும்.

பட்டியலில் உள்ள வீடும், அதை இடித்துப் பிரித்த மனையும் சுயசான்று முறைக்குள் வரக்கூடாது என்று மன்றத்தில் தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்புங்கள். வீட்டைப் பராமரிக்கிறவருக்குச் சொத்துவரியில் சலுகை வேண்டும், அகமதாபாத்தில் இருப்பது போல் கட்டும் உரிமையை மாற்றிக்கொள்ளும் வழியும் வேண்டும் என்று அதே தீர்மானத்தில் கேளுங்கள். ஒரு நகல் மரபுச் சின்னங்கள் ஆணையத்துக்கும் போகட்டும். காசும் கொடுக்காமல், இடிக்காதே என்று மட்டும் சொன்னால் அது பூட்டிக் கிடந்து தானாக விழும்.

தெருவின் தண்ணீர்ப் பாதை முழுவதையும், வீட்டு முற்றத்திலிருந்து ஊருணி வரைக்கும், அளந்து வரைபடம் போடுங்கள். இனி சாலை போடும்போது பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டு, பழைய மட்டத்தில் போடச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

இது எல்லாவற்றுக்கும் நாள் ஆகும் என்று தெரியும். உடனே செய்ய வேண்டியது இரண்டு. பட்டியல் தயாராகும் வரை பழைய வீடுகளை இடித்துக் கட்டும் எந்த விண்ணப்பத்துக்கும் அனுமதி கொடுக்காதீர்கள். எங்கள் தெருவில் அந்த இடத்தின் பின்மனைகளில் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்னால் உங்கள் பொறியாளரை அனுப்புங்கள், வெட்டுப்பட்ட கல் சாக்கடையை மறுபடி இணைத்துக் கொடுத்த பிறகே வேலை தொடர வேண்டும் என்று கட்டுகிறவருக்கு எழுத்தில் உத்தரவு போடுங்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் இது முடிய வேண்டும்.

அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் இந்த மடலைச் சேர்த்து, எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்று எழுத்தில் பதில் கொடுங்கள். தெருக்காரர்கள் கையெழுத்திட்ட மனுவையும், இடிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் அலுவலகத்தில் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்கிறோம். கூட்டத்தன்று நாங்களும் வருகிறோம்.

இப்படிக்கு,
அதே தெருவில் குடியிருக்கும் ஒரு பங்காளி